சிரிப்பு யாருக்குச் சொந்தம்?

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைப் பற்றி அம்பாசமுத்திரம் பக்கத்து டீக்கடை எதிலாவது பேச்செடுத்துப் பாருங்கள். வயதானவர் ஒருவர் பெஞ்சியில் இருந்தால், “கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து, கடைசியில ஒண்ணுமில்லாமப் போன மனுசன்லா!” என்பார். இளைஞர்களைக் கேட்டால், “பழைய காமெடி நடிகர், கறுப்பு வெள்ளைப் படத்தில் வருவார்” என்பார்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால் இந்த இரண்டு பதிலும் சேர்ந்து அந்த மனிதர் செய்த வேலையை மூடி மறைத்துவிடுகின்றன என்பது நம் கருத்து.

வள்ளல் என்ற பட்டம் பணக்கார உலகத்துக்கு மிகவும் வசதியானது. ஒருவர் கொடுத்தார், கை நீட்டியவர் வாங்கிக்கொண்டார், கதை முடிந்தது. கொடுத்தவர் என்ன தொழில் செய்தார், எப்படிச் செய்தார், அதன் பலனில் பெரும்பங்கு யார் பெட்டிக்குப் போயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆலையிலும் வயலிலும் உழைக்கும் நாம் கேட்க வேண்டியது அதைத்தான். கிருஷ்ணன் ஒரு தொழிலாளி. சிரிப்பு அவருடைய தொழில். அந்தத் தொழிலில் கூலிக்காரராக நுழைந்து, தம் பகுதிக்கு மேஸ்திரியாகி, பிறகு முழுப் படத்தையும் தாமே இயக்கும் டைரக்டரானார். அந்தப் பாதையைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

1908 நவம்பர் 29ஆம் தேதி நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நம் திருநெல்வேலிச் சீமை. தகப்பனார் பெயர் சுடலைமுத்து. தாயார் இசக்கியம்மாள். இந்தப் பெயர்களைக் கேட்டதுமே தாமிரவருணிக் கரைத் தோழர்களுக்கு இந்த மனிதர் நம் ஆள் என்பது விளங்கிவிடும். சுடலைமாடனும் இசக்கியும் பெரிய கோபுரத்துச் சாமிகளல்ல. ஊருக்கு வெளியே, சுடுகாட்டு ஓரத்தில், வயல் வரப்பில், ஆலமரத்தடியில் நிற்கிற சாமிகள். கொடை நாளில் அவர்கள் கதையை வில்லடித்துப் பாடுவார்கள். அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி எடுப்பார். பக்கத்திலிருப்பவர் “ஆமாம்” போடுவார், நடுவில் குறுக்குக் கேள்வி கேட்பார், கேலி செய்வார். குடமும் உடுக்கும் ஜால்ராவும் கூட ஓடும். இரவு முழுவதும் ஜனங்கள் அழுவார்கள், சிரிப்பார்கள். சிறுவன் கிருஷ்ணன் வளர்ந்தது இந்த ஓசை கேட்கும் பூமியில்.

வீட்டில் வறுமை. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. பணக்காரர்கள் டென்னிஸ் ஆடும் இடத்தில் பந்து பொறுக்கிப் போட்டிருக்கிறார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றிருக்கிறார். விற்கப்போன இடத்தில் நாடகம் பிடித்துக்கொண்டது. 1925இல் டி. கே. எஸ். சகோதரர்களின் பால ஷண்முகானந்த சபையில் சேர்ந்தார்.

அந்த நாளைய பாய்ஸ் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை. தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்துவிட்ட முறை அது. சிறுவர்களைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் அடித்துச் சொல்லிக்கொடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் ஆடவைப்பார்கள். அங்கே கலை கற்றார்கள் என்பது மெய். குழந்தைகளின் உழைப்பை வைத்துத் திரை தூக்கினார்கள் என்பதும் மெய். தமிழ் சினிமாவின் முதல் தலைமுறை நடிகர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டறையில் அடிபட்டு வந்தவர்களே. கிருஷ்ணன் அங்கே ஒரே வேலையோடு நின்றுவிடவில்லை. எந்த வேஷம் காலியானாலும் போடுவார். பாட்டு, வசனம், பின்னால் மேடை வேலை, எல்லாம் தெரிந்துகொண்டார். ஆலையில் சில தோழர்கள் இருப்பார்கள்: தங்கள் மெஷினை மட்டுமல்ல, ப்ளோ ரூமிலிருந்து கோன் வைண்டிங் வரை பஞ்சு எப்படிப் போகிறது என்று ஓய்வு நேரத்தில் நின்று பார்ப்பார்கள். அந்த ரகம்.

1935இல் ‘மேனகா’, 1936இல் ‘சதி லீலாவதி’ என்று படங்கள் தொடங்கின. 1936இல் வந்த ‘வசந்தசேனா’ வேலையின்போது டி. ஏ. மதுரம் அவருக்கு ஜோடியாக வந்தார். பிறகு வாழ்க்கைத் துணையானார். அதற்குப் பிறகு இருபது வருஷம் தமிழ்நாட்டில் சிரிப்பு என்றால் இந்த இருவர்தான்.

ஆனால் சிரிப்புக்குப் படத்தில் என்ன இடம் இருந்தது? இதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் டைரக்டரானதன் மதிப்பு விளங்கும். அந்தக் காலப் படத்தில் ராஜா ராணி கதை ஒரு தடத்தில் போகும். சிரிப்பு தனித் தடம். மூலக் கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. ஜனங்களுக்கு அலுப்புத் தட்டும் இடத்தில் வெட்டிச் செருகுவார்கள், கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவதைப் போல. கிருஷ்ணன் இந்த ஒட்டு வேலையை ஒரு தனித் தொழிலாக நிமிர்த்தினார். தமக்கென்று ஒரு குழு வைத்துக்கொண்டார். புளிமூட்டை ராமசாமி, காகா ராதாகிருஷ்ணன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். கதையைத் தாமே யோசிப்பார், பாட்டுக்கு உடுமலை நாராயண கவி இருந்தார், காட்சிகளைத் தாமே அமைத்து எடுத்துக் கொடுத்துவிடுவார். டைரக்டர் என்று திரையில் வேறொருவர் பெயர் வரும். சிரிப்புப் பகுதிக்கு உண்மையான டைரக்டர் இவர்தான். பல படங்கள் ஓடியதே இந்தப் பகுதிக்காக. ஓடிய படத்தின் லாபம் மட்டும் ஒட்டுப் போட்டவருக்கு அல்ல, வேட்டிக்காரருக்கு.

இந்த அநியாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1944 காட்டிற்று. அந்த வருஷம் தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகன். கிருஷ்ணனும் மதுரமும் அதில் உண்டு. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளி கண்டது. ஆனால் நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் குத்தப்பட்டு இறந்தார். நடிகர்களைப் பற்றி அசிங்கமாக எழுதிப் பிழைத்தவர் அவர். பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் ஜூரிகள் குற்றவாளிகள் என்றார்கள், ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் போட்ட அப்பீலும் தள்ளுபடியாயிற்று. பிறகு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

கணக்குப் பாருங்கள்: இருவரும் சிறையில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தார்கள், வெளியே அவர்களுடைய பிம்பம் திரையில் ஆடிப்பாடிக் கொட்டகைக்காரர் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. உழைத்தவர் இல்லாவிட்டாலும் உழைப்பு மட்டும் தனியே நின்று லாபம் தருகிறது. சினிமா என்ற யந்திரத்தின் விசேஷம் இது. பஞ்சாலை முதலாளிக்குக்கூட இந்த வசதி கிடையாது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டன் வரை வழக்கு நடத்தக் கிருஷ்ணனுக்குப் பெயர் இருந்தது, எப்படியாவது பணம் திரட்ட ஆள் இருந்தது. கூலிக்காரன் ஒருவன் மீது இதே வழக்கு வந்திருந்தால்? 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளருக்காக நின்ற வ. உ. சிதம்பரனாருக்குத் திருநெல்வேலிக் கோர்ட்டில் பின்ஹே துரை விதித்த தண்டனை நாற்பது வருஷம் தீவாந்திரம். அவர் வக்கீல், ஊரறிந்தவர். அப்பீலில் குறைந்தும் நாலு வருஷத்துக்கு மேல் செக்கிழுத்தும் கல்லுடைத்தும்தான் வெளியே வந்தார். அப்படியானால் பேரில்லாதவன் கதி என்ன? கிருஷ்ணனின் விடுதலையைக் கண்டு மகிழ்கிறவர்கள், நீதியின் வாசலுக்கு எவ்வளவு கட்டணம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பணம் திரட்டிய ஆள் யார் என்றால், மதுரம் அம்மையார். இந்தக் கட்டம் எழுதுகிறவர்கள் பலர் அவரைக் ‘கணவனுக்காகக் கண்ணீர் வடித்த பத்தினி’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. அவர் கண்ணீர் வடித்துக்கொண்டு உட்காரவில்லை, எஸ். வி. சகஸ்ரநாமம் முதலியோரின் துணையோடு என். எஸ். கே. நாடக சபையை நடத்தினார். குழுவிலிருந்தவர்கள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார். ‘பைத்தியக்காரன்’ படத்தைத் தயாரிக்கும் வேலையும் அப்போது தொடங்கியது. 1947இல் வெளியே வந்த கிருஷ்ணன் அதில் நடித்தார். படம் எடுப்பது என்றால் என்ன, பணம் எங்கே புரள்கிறது, எங்கே முடங்குகிறது என்பதை அந்தக் குடும்பத்தில் முதலில் படித்தது மதுரம்தான் என்று நினைக்கிறோம். 1974இல் அவர் காலமானார். அவர் நடத்திய அந்த இரண்டரை வருஷத்தைப் பற்றித் தனியே ஒரு புத்தகமே எழுதலாம்.

1947இல் பம்மல் சம்பந்த முதலியார் ‘கலைவாணர்’ பட்டம் வழங்கினார். வெளியே வந்த மனிதர் பழைய ஒட்டு வேலைக்குத் திரும்பவில்லை. 1949இல் ‘நல்லதம்பி’. கதை வசனம் அண்ணாதுரை. டைரக்ஷன் கிருஷ்ணன் – பஞ்சு. கிருஷ்ணன்தான் கதாநாயகன்! சிரிப்பு நடுவீட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் படத்தில் வருகிற ‘கிந்தனார்’ காலட்சேபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயல் தொழிலாளித் தோழர்களுக்கு அது சேர வேண்டிய சொத்து.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கதை உங்களுக்குத் தெரியும். பண்ணையாள் நந்தன் தில்லைக்குப் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஒரே இரவில் தெய்வம் வந்து முடித்துக் கொடுக்கிறது. பிறகு நந்தன் நெருப்பில் இறங்கி, ‘சுத்தமாகி’க் கோவிலுக்குள் போகிறான். தலைமுறை தலைமுறையாக நம் ஜனங்கள் இதைக் கேட்டு உருகியிருக்கிறார்கள். உருக வேண்டிய கதையா அது? நாற்பது வேலியின் கூலி என்ன ஆயிற்று என்று ஒரு பாகவதரும் பாடவில்லை.

கிருஷ்ணன் அதே காலட்சேப உடை, அதே ராகம், அதே குழைவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். உள்ளே இருக்கும் ஆளை மாற்றிவிட்டார். நந்தன் அல்ல, கிந்தன். அவன் போக விரும்புவது சிதம்பரம் அல்ல, சென்னைப் பட்டணம். தரிசனத்துக்கு அல்ல, படிப்புக்கு. அவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தெய்வம் அல்ல, ரயில். சாதி பார்க்காமல் எல்லோரையும் ஒரே பெட்டியில் அடைத்துக்கொண்டு புகைவிட்டுப் போகும் ரயிலை அவர் வர்ணிக்கிற இடத்தில் கொட்டகையே குலுங்கும். கிந்தன் நெருப்பில் இறங்கவில்லை, பரீட்சையில் தேறினான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வந்தான்.

இதில் என்ன புரட்சி என்று சிலர் கேட்பதுண்டு. ஒருவன் உத்தியோகம் பார்க்கப் போனான், மற்றவர்கள் சேற்றில்தானே நிற்கிறார்கள், நிலம் ஆண்டையிடம்தானே இருக்கிறது என்பார்கள். நியாயமான கேள்வி. நாமும் கேட்கிறோம். ஆனால் 1949இல், படித்தவன் படிக்காதவன் எல்லோரும் வருகிற டூரிங் கொட்டகையில், தரை டிக்கெட்டில் மணல்மேட்டில் உட்கார்ந்திருந்த பண்ணையாள் தன் பிள்ளையைப் பற்றி அந்த இரவு என்ன நினைத்திருப்பான் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதை நம் ஜில்லாவே காட்டுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த ஆதிக்க சாதிப் பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சர்க்கார் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து விசாரித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்பது அதில் ஒரு சிபாரிசு. ரயில் வந்தது, பஸ் வந்தது, பள்ளிக்கூடம் தெருவுக்குத் தெரு வந்தது. கிந்தனை வெட்டுகிற அரிவாளும் கூடவே வந்திருக்கிறது. கிருஷ்ணன் கதையில் கிந்தனுக்கு எதிரி வயதான பெரியவர்கள். நாங்குநேரியில் எதிரி பக்கத்து பெஞ்சிப் பையன். இதற்கு என்ன காலட்சேபம் பாடுவது என்று இன்றைய நகைச்சுவைக்காரர்களில் ஒருவராவது யோசிக்கட்டும்.

இனி டைரக்டர் கிருஷ்ணனுக்கு வருவோம். 1951இல் ‘மணமகள்’, 1952இல் ‘பணம்’. இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. ‘மணமகள்’ படத்தில் பத்மினி கதாநாயகி, சி. ஆர். சுப்பராமன் இசை. பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’ இன்று எந்த மேடையில் பாடப்பட்டாலும், அந்த ராகமாலிகை மெட்டு இந்தப் படத்தின் மூலமாக ஊரெங்கும் பரவியது என்பதைப் பாடுகிறவர்களே பலர் மறந்துவிட்டார்கள். ‘பணம்’ ஏ. எல். சீனிவாசன் தயாரிப்பு. ‘பராசக்தி’க்குப் பின் வந்த சிவாஜி கணேசன் படம். சுப்பராமன் அந்த வருஷம் அகால மரணமடைந்திருந்தார். அவரிடம் உதவியாளர்களாக இருந்த விசுவநாதனும் ராமமூர்த்தியும் இரட்டையராகப் பெயர் போட்டு இசையமைத்தது இந்தப் படத்தில்தான். பின்னால் நின்று வேலை செய்தவர்களின் பெயரை முன்னால் கொண்டுவந்து போடுவது! ஒட்டு வேலைக்காரராகப் பல வருஷம் இருந்தவருக்கு அதன் அருமை தெரியாதா?

‘பணம்’ படத்தின் விஷயம் வரதட்சணையும் பண ஆசையும் ஒரு குடும்பத்தைச் சிதைப்பது. இன்றும் பழசாகாத விஷயம். ஆனால் இங்கே நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பண ஆசை கெட்டது என்பதைப் பெரிய முதலாளியும் மேடையேறிச் சொல்வான். கோவில் உண்டியலுக்கு முன் நின்று கண்ணை மூடியும் சொல்வான். பணம் ஒருவன் வீட்டில் மட்டும் ஏன் குவிகிறது, இன்னொருவன் மகளுக்கு மாங்கல்யத்துக்குக் கூட ஏன் வழியில்லை என்று கேட்கும்போதுதான் அவன் முகம் மாறும். கிருஷ்ணனின் படம் பேராசைக்காரனைக் கண்டிக்கிறது, சிரிக்கவும் வைக்கிறது. அவனைப் பேராசைக்காரனாக்கிய ஏற்பாட்டின் வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது. அவர் நம் கட்சிக்காரர் அல்ல. அண்ணாதுரை குழுவினரோடு இருந்தார். காந்தியை மனமாரப் போற்றினார், அவர் நினைவாக நாகர்கோவிலில் தம் செலவில் ஒரு தூணே எழுப்பினார். அவர் மண்ணுக்குப் பக்கத்துப் பூதப்பாண்டிக்காரரான ஜீவாவோடும் சினேகம். 1951இல் இந்தியத் திரைக் கலைஞர்களோடு சோவியத் யூனியனுக்கும் போய்வந்தார். யாரோடும் பேசுவார், யாரிடமும் கேட்டுக்கொள்வார். இப்படிப்பட்ட மனிதரை இழுத்து ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்ட நாம் விரும்பவில்லை.

‘இந்தியாவின் சாப்ளின்’ என்று அவரைச் சொல்கிறார்கள். இப்படிச் சொல்லுவது நமக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நம் ஊர் மாம்பழத்தை வெளியூர் ஆப்பிள் என்று விற்பது போல. ஆனாலும் ஒப்பிட்டால் ஒரு பாடம் கிடைக்கிறது. சாப்ளின் 1919லேயே மூன்று பேரோடு சேர்ந்து சொந்த விநியோகக் கம்பெனி தொடங்கிவிட்டார். தம் படத்துக்குத் தாமே சொந்தக்காரர். அதனால் மனதில் பட்டதை எடுக்க முடிந்தது. 1952 செப்டம்பரில் அவர் லண்டனுக்குக் கப்பலேறியதும் அமெரிக்க சர்க்கார் திரும்பி நுழைய முடியாதபடி அனுமதியை ரத்து செய்தது. சிவப்பு அனுதாபி என்று புகார். அதே வருஷம்தான் இங்கே ‘பணம்’. கிருஷ்ணனை எந்த சர்க்காரும் நாடு கடத்தவில்லை. வட்டியும் விநியோகஸ்தரும் கொட்டகைக்காரரும் போதும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

இன்னும் ஒரு ஒப்பீடு, ஆலைத் தோழர்களுக்காக. 1936இல் சாப்ளின் எடுத்த ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் தொழிலாளிக்குச் சோறூட்டும் ஒரு யந்திரம் வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க முதலாளி வாங்க நினைக்கும் யந்திரம். அது கோளாறாகி அந்த ஏழை வாயிலே இடிக்க, நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். கிருஷ்ணனும் மதுரமும் விஞ்ஞானத்தைப் பற்றிப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. பொத்தானைத் தட்டினால் இட்லியும் காப்பியும் தானாக வந்து நிற்க வேண்டும் என்று அதிலே ஆசைப்படுவார்கள். இரண்டும் சோறு போடும் யந்திரம்தான். ஒன்று முதலாளியின் யந்திரம். தொழிலாளியின் ஓய்வைத் தின்கிறது. மற்றது குடும்பத்தின் யந்திரம். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அடுப்புக்கும் நடுவில் தேய்ந்துபோகும் பெண்ணுக்கு ஓய்வு தரப் போகிறது. பாபநாசத்து அருவித் தண்ணீரில் முதன்முதல் சக்கரம் சுற்றிய ஹார்வி ஆலையில் பரம்பரையாக வேலை பார்த்த விக்கிரமசிங்கபுரம் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. அறுப்பு மெஷின் வயலில் இறங்கிய பிறகு, ஒரு பூவுக்கு எத்தனை நாள் வேலை மிஞ்சுகிறது என்று சேரன்மாதேவிப் பக்கத்துப் பெண்களைக் கேட்டாலும் சொல்வார்கள். யந்திரத்தின் மேல் கிருஷ்ணனுக்குப் பயம் இல்லை, குழந்தை போல் ஆசைதான் இருந்தது. அந்த ஆசையில் தவறில்லை. பொத்தான் யார் கையில் என்ற கேள்வியை மட்டும் அவர் நமக்கு விட்டுவைத்துப் போனார்.

அவருடைய சிரிப்பின் வேர் சினிமாவில் இல்லை, வில்லில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். மதுரம் ஒரு கேள்வி போடுவார், இவர் ஒரு பதில் சொல்வார், அதை அவர் மடக்குவார். அண்ணாவியும் பக்கப்பாட்டுக்காரரும் பேசிக்கொள்கிற அதே முறை. 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரைக்காகப் பேசப்போன இடத்தில், எதிர்த்து நின்ற டாக்டரை மணிக்கணக்காகப் புகழ்ந்து தள்ளி, கூட்டம் திகைத்து நிற்கையில், இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் ஊரில் வைத்தியம் யார் பார்ப்பது என்று ஒரே திருப்புத் திருப்பினார் என்று சொல்லுவார்கள். இதுவும் வில்லுக்காரன் வேலைதான். கடைசிக் காலத்தில் அவர் நேராகவே வில்லை எடுத்துக்கொண்டார். காந்தி கதையை ஊர் ஊராக வில்லுப்பாட்டில் சொன்னார். அதற்கு எழுதிக் கொடுத்தவர் நம் நெல்லைச் சீமைச் சத்திரப்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம். இளைஞராக இருந்த அவரைக் கண்டுபிடித்துச் சென்னைக்கு அழைத்துப் போனவர் கலைவாணர். சுப்பு ஆறுமுகம் அதற்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு மேல் வில்லடித்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். கோவில் கொடையில் மட்டும் இருந்த வில் பொதுக்கூட்ட மேடைக்கும் ரேடியோவுக்கும் வந்ததில் இந்த இருவருக்கும் பெரும் பங்கு உண்டு.

நாங்குநேரியில் பிறந்த நம் பேராசிரியர் நா. வானமாமலை இந்த வில்லுக் கதைகளை ஏட்டிலிருந்தும் வாய்மொழியிலிருந்தும் தேடித் தேடிப் பதிப்பித்தார். அவற்றில் ஒன்று ‘முத்துப்பட்டன் கதை’. பிராமணன் ஒருவன் செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, பூணூலை அறுத்தெறிந்து, மாடு காத்து, காவலிலேயே உயிர்விடுகிற கதை. நடந்த இடம் பாபநாசம் மலை. சாதியை மறுத்தவனைச் சாமியாக்கிக் கும்பிடுகிற ஜனங்கள் நாம். கும்பிட்டுவிட்டு வீடு திரும்பியதும் அதே சாதியைத் தேடுகிற ஜனங்களும் நாமே. இந்தக் கதையைக் கிருஷ்ணன் படமாக எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

அவர் எடுக்கவில்லை, ஆயுள் இடம் கொடுக்கவில்லை. 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 48. கையில் சேமிப்பு இல்லை. 1969 ஜனவரியில் தியாகராய நகரில் அவர் சிலையை முதலமைச்சர் அண்ணாதுரை திறந்துவைத்தார். அதன்பின் மூன்று வாரத்துக்குள் அவரும் மறைந்தார்.

சிரிப்பு நடிகர் டைரக்டரான கதை அதோடு முடியவில்லை. தூத்துக்குடியில் பிறந்த ஜே. பி. சந்திரபாபு 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ எடுத்தார். நல்ல பாடகர், எலும்பில்லாத உடம்பு போல ஆடுவார். அவருக்கும் கதவு முழுதாகத் திறக்கவில்லை; சொந்தப் படக் கடனில் சிக்கி, 1974இல் 46 வயதில் போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் சோவும் நாகேஷும் அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் தப்பித்தார், ஒருவர் விழுந்தார் என்பதெல்லாம் அவரவர் குணத்தைப் பொறுத்தது என்று சினிமாப் பத்திரிகைகள் எழுதும். குடித்தார், கொடுத்தார், நம்பினார், ஏமாந்தார் என்று பட்டியல் போடும். கலைவாணருக்கும் குடிப்பழக்கம் இருந்தது, அதை மறைப்பது நம் வேலையல்ல. ஆனால் குடிக்காத, யாருக்கும் ஒரு பைசா கொடுக்காத சிரிப்பு நடிகர்களும் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். வயலை அடமானம் வைத்து விதை வாங்குகிறவனுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்: விளைந்தாலும் வட்டிக்காரனுக்கு, விளையாவிட்டால் வயலும் வட்டிக்காரனுக்கு.

காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் ஆடி அமாவாசைக்கு இன்றும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள். முத்துப்பட்டனுக்கு அங்கே சந்நிதி உண்டு. நம் பக்கத்துக் கொடைகளில், ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அலறுகிற சத்தத்துக்கு நடுவே வில்லடிப்பவர் தொண்டை கிழியப் பாடவேண்டியிருக்கிறது. அடுத்த ஆடிக் கொடைக்குப் போகிற தோழர்கள், வில்லுப்பாட்டுக்காரருக்கு ஓர் இரவுக்கு என்ன கூலி பேசுகிறார்கள், குடம் அடிப்பவருக்கு அதில் எவ்வளவு போகிறது, ஒலிபெருக்கிக்காரருக்கு எவ்வளவு என்று விசாரித்து நமக்கு எழுதி அனுப்புங்கள்.